பாவா சொன்ன வெள்ளிக்கிழமை

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் வாசிகசாலைத் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் மசூர் அவர்களே! எனக்கு முன்னால் கதைத்து, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் மேடைப் பெரியவர்களே! பள்ளிவாசல் நிர்வாகத்தாரே! கடலோரத் திரை வட்டத்துத் தோழர்களே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே! கதிரை போதாமல் வாசலில் நிற்பவர்களே!

உங்கள் எல்லோரையும் விளித்தேன். ஆனால் இந்த மண்டபத்துக்குள் இல்லாத ஒருவரையும் நான் விளிக்க வேண்டும். எனக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம், தன் வீட்டு அறைக்குள் இத்தாவில் இருக்கும் மைமூனா தங்கச்சி! உங்களுக்குக் கேட்கிறதா? முனாஸ், அந்தப் பின்பக்கத்து ஒலிபெருக்கிக் குழாயைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பி விடுங்கள். ஓம், அப்படித்தான். கணவரை இழந்தவர் இத்தாக் காலம் முடியும்வரை வீட்டுக்குள்தான் இருப்பார். அவர் இங்கே வர முடியாது என்றால் என் குரல் அங்கே போகட்டும். அந்தச் சுவருக்குச் சத்தம் கடத்திப் பழக்கம் இருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

என் பெயர் நல்லரெத்தினம். ஊர் பாண்டிருப்பு. நீங்கள் இருக்கும் இந்த மண்டபம் வாசிகசாலை ஆவதற்கு முன்னால் நெல்லுக் களஞ்சியமாக இருந்தது. அதற்கும் முன்னால் தியேட்டராக இருந்தது. அந்தத் தியேட்டரில் படம் ஓட்டியவன் நான். வெளிச்சம் என் வேலை. சத்தம், கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை விட்டுப் போன மர்ஹூம் 'ஊர்க்குரல்' முகைதீன்பாவா அவர்களின் வேலை.

ஊர்க்குரல்! இந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது? அமைச்சர் கொடுத்தாரா? பல்கலைக்கழகம் கொடுத்ததா? கல்முனைச் சந்தையில் மீன் விற்ற சனம் கொடுத்தது. அரிசி மூட்டை தூக்கிய சனம் கொடுத்தது. காரின் கூரையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு, மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அவர் போகாத ஒழுங்கை உண்டா? படம் வந்தால் அவர் குரல். தடுப்பூசி வந்தால் அவர் குரல். வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் அவர் குரல். ஒரு வீட்டில் மௌத்து நடந்தால், 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கி, யாருடைய மகன், யாருடைய வாப்பா, ஜனாஸா எத்தனை மணிக்கு, எந்த மையவாடி என்று நிதானமாகச் சொல்வதும் அவர் குரல்தான். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அதே ஒழுங்கைகளில், அவரிடம் தொழில் பழகிய முனாஸின் குரல் கேட்டது. பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் முனாஸ் நின்றுவிட்டார். குழாயில் வெறும் இரைச்சல்தான் வந்தது. என் மனைவி செல்லத்தங்கம் அடுப்படியில் இருந்து வெளியே வந்து, "பாவா காக்கா போயிட்டார் போல" என்றா. பெயர் சொல்லாமலேயே அவவுக்கு விளங்கிவிட்டது. நீங்கள் அண்ணனைக் காக்கா என்பீர்கள்; எங்கள் வீட்டுக்கும் அவர் காக்காதான்.

பாண்டிருப்புக்கும் பாவா பிறந்த மருதமுனைக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஒரு வீதி. அந்த வீதியைக் கடக்கத் தமிழ், முஸ்லிம் என்று இரண்டு பக்கத்துச் சனமும் பயந்த காலம் ஒன்று இருந்தது. அதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை, வயதானவர்களுக்குத் தெரியும். என் அப்பா அந்தக் காலத்தில்தான் கண்ணை மூடினார். சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்பவும் ஆளில்லை. படலையில் கார்ச் சத்தம் கேட்டது. பாவா!

"ரெத்தினம், அப்பாட முழுப்பேரச் சொல்லு" என்றார்.

"காக்கா, உங்களுக்கென்ன விசரா? திரும்பிப் போங்க" என்றேன்.

"அறிவிக்காட்டி எப்பிடிடா சனம் வாற? பேரச் சொல்லு."

சொன்னேன். எங்கள் பக்கமும் போனார், தன் பக்கமும் போனார். ஒரே சொல், ஒரே நிதானம். அன்றைக்கு என் அப்பாவுக்குப் பின்னால் சுடலைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் நடந்தார்கள். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்? தீர்க்க முடியாது. அதனால்தான் சுகமில்லாத இந்தக் காலை இழுத்துக்கொண்டு இந்த மேடையில் நிற்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு, பாடசாலை முகாம்களுக்குள் ஒரு கை மைக்கை வைத்துக்கொண்டு, தொலைந்துபோனவர்களின் பெயரைக் கூப்பிட்டுத் திரிந்ததும் அவர்தான். சில பெயர்களுக்கு ஆள் வந்தது. வராத பெயரை மறுநாளும் கூப்பிட்டார். "வரமாட்டாங்க காக்கா, விடுங்க" என்று யாரோ சொன்னபோது, "வரமாட்டாங்க எண்டு கூப்பிடாம எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஊர் வைத்த இன்னொரு பெயரையும் நான் சொல்லத்தானே வேண்டும்? மேடையில் யாரும் சொல்லவில்லை, மரியாதைக்காக. நான் சொல்கிறேன். 'ரெண்டாம் பாகம் பாவா!' பார்த்தீர்களா, வாசலில் சிரிக்கிறார்கள்! பள்ளிவாசல் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் இப்போது ஒரு சினிமாப் படத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். அந்தப் படத்தை விட்டுவிட்டு முகைதீன்பாவாவைப் பற்றிக் கதைக்க எனக்கு வழி தெரியாது.

நாங்கள் இளந்தாரிகளாக இருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு படப்பெட்டி வந்தது. இத்தாலிக்காரரின் நிறப்படம். பெட்டியில் எழுதியிருந்த பெயரை எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பாவா தானாக ஒரு பெயர் வைத்தார்: 'மரகத அரண்மனை'. அந்நிய மொழிப் படம் என்றால் அவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, நடப்பதைத் தமிழில் சொல்வார். இத்தாலி மொழி தெரியுமா அவருக்கு? தெரியாது! படத்தை முன்கூட்டியே ஒரு தடவை போட்டுப் பார்ப்பாரா? பார்க்கமாட்டார்! "சனம் பாக்கிற நேரம்தான் நானும் பாக்கணும் ரெத்தினம். இல்லாட்டி எனக்கு வாய் வராது" என்பார்.

அது ஓர் அரசசபைக் கதை. கீழைத்தேசம் என்றார்கள், எந்தத் தேசம் என்று சொல்லவில்லை. ஐரோப்பாக்காரர் எங்களைப் பற்றிக் கனவு கண்டு கட்டிய சபை அது. பச்சைக் கல் பதித்த சுவர், புலித்தோல் போர்த்த சிம்மாசனம், மாடமெல்லாம் மயில், யானைக்கு வெள்ளித் தொப்பி! நாங்கள் என்ன, யானை பார்க்காதவர்களா? வயலுக்குள் இறங்கிய யானையைத் தீப்பந்தத்தோடு விரட்டிவிட்டு வந்தவர்கள் எல்லாம் அந்தத் தொப்பி போட்ட யானையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். நானும்தான் பிளந்தேன்.

அந்தச் சபைக்கு ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தச்சன் வருகிறான், அரசனுக்குப் படகு செய்ய. தோற்றுப்போன நாடொன்றிலிருந்து பிடித்து வந்த ராணி ஒருத்தி அங்கே சிறையிருக்கிறாள். உன்னை உன் ஊர்க் கரையில் கொண்டுபோய் விடுகிறேன் என்று தச்சன் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறான். அரசனுக்கென்று செய்த படகிலேயே இருவரும் ஏறித் தப்புகிறார்கள். அந்த இடத்தில்தான் முன்வரிசையில் இருந்த ஒரு ஹாஜியார் எழும்பினார்.

"டேய் பாவா! அன்னிய ஆணும் பொண்ணும் தனிய ஒரு தோணியில போறாங்க. இதென்ன படம்டா?"

மேலே படம் ஓட்டும் அறையில் என் கை சுவிச்சுக்குப் போய்விட்டது, படத்தை நிறுத்த. பாவா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"நிக்காஹ் முடிஞ்சிட்டு ஹாஜியார்! அந்தத் துண்டு கொழும்பில வெட்டுப்பட்டுட்டு!"

"அப்ப செரி" என்று ஹாஜியார் அமர்ந்தார். சிரியுங்கள், பரவாயில்லை. இந்தக் கதைக்குச் சிரிக்காவிட்டால் பாவாவுக்குக் கோபம் வரும்.

படகு கடலுக்கு வருகிறது. பின்னால் அரசனின் கப்பல்கள். முன்னால் தூரத்தில் ஒரு வெளிச்சம். அது கரையா, இன்னொரு கப்பலா? ராணி எழும்பி நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான்! எழுத்து விழுந்துவிட்டது. முதலாம் பாகம் முற்றிற்று! சனம் விடுமா? "பாவா, மிச்சம் எங்க? மிச்சம் எப்ப?" என்று கூரை இடியக் கத்தினார்கள். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொல்தான், தாய்மாரே, அவர் ஆயுளை முழுக்கப் பிடித்துக்கொண்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமை!"

யார் சொன்னது அவருக்கு? முதலாளி சொல்லவில்லை. கொழும்பு சொல்லவில்லை. அந்தச் சனத்தின் முகத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் தானாகச் சொன்னார். அடுத்த வெள்ளி வந்தது, படம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்தப் பெட்டி வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்று பிறகுதான் அறிந்தோம். தியேட்டரும் மூடப்பட்டது. இன்றைக்கும் நம் ஊரில் ஒரு வேலை நடக்காது என்றால் என்ன சொல்கிறார்கள்? "அது பாவாட வெள்ளிக்கிழமை!" வீதி போடுவதற்கும் அதுதான், பாலம் கட்டுவதற்கும் அதுதான். அவர் காதுபடவே சொன்னார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டு வந்து என்னிடம், "சொல்லியிருக்கப் படாதுதான் ரெத்தினம்" என்று சொன்னதும் எனக்குத் தெரியும்.

இனி அந்தச் சுவரின் கதை.

தியேட்டரின் பின்சுவரோடு ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு குமர்ப்பிள்ளை. தியேட்டருக்கு வர அந்தக் காலத்தில் அவளுக்கு அனுமதி ஏது? பன்புல்லில் பாய் இழைக்கும் சாட்டில் சுவரோரம் வந்து அமர்ந்து, படம் ஓடிய எல்லா நாளும் கேட்டிருக்கிறாள். அரண்மனையைப் பார்க்கவில்லை. யானையைப் பார்க்கவில்லை. சுவருக்கு இந்தப்பக்கமிருந்து ஒரு குரல் சொல்லச் சொல்ல, அவ்வளவையும் தன் மனதில் கட்டிக்கொண்டாள். சில வருடம் கழித்து அவளுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை வந்தார். சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கதை சொன்ன அதே முகைதீன்பாவா, சுவருக்கு அந்தப்பக்கம் குடிபோனார்!

நான் இதையெல்லாம் இங்கே சொல்லலாமா என்று அவர்களின் மகள் றஸ்னா மூலம் தங்கச்சியிடம் கேட்டேன். "சொல்லட்டும். கூட்டிக் கதைக்காமச் சொல்லட்டும்" என்று பதில் வந்தது. தங்கச்சி, இதுவரை ஒன்றும் கூட்டவில்லை!

கலியாணத்தன்று அவர் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அந்த ராணி கரை சேந்தாளா?" பாவா சொன்னார், "அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றன்." அன்று தொடங்கியது. ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு அமர்ந்தால், பரிமாறிக்கொண்டே தங்கச்சி கேட்பா: "இண்டைக்கு வெள்ளியெல்லவா?" அவர் சொல்வார்: "இந்த வெள்ளி இல்ல புள்ள, அடுத்த வெள்ளி." பிள்ளை பிறந்த பிறகும் கேட்டா. பேரப்பிள்ளை பிறந்த பிறகும் கேட்டா. றஸ்னா சிறுபிள்ளையாக இருந்தபோது, ராணி என்பது ஏதோ தூரத்துச் சொந்தக்காரி என்று நினைத்திருந்தாவாம்.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன். "காக்கா, ஊர் முழுக்கப் பார்த்திருக்கப் படத்துக்குள்ளயே நிக்காஹ் செய்து வைத்த ஆள் நீங்க. ஒரு முடிவைக் கட்டிச் சொல்ல உங்களால ஏலாதா? கரை சேர்ந்தாள் எண்டு சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை சந்தோசப்படுமே!"

பாவா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "ஊருக்குச் சொல்லலாம்டா. அவ என்ட குரல நம்பி இருந்தவ. அவவுக்குப் பொய் முடிவு சொல்ல எனக்கு ஏலா" என்றார்.

நண்பர்களே! ஒரு கதையின் முடிவுக்காக ஒரு பெண் காத்திருந்தா. அந்த முடிவைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஒரு மனிதர் காத்திருந்தார். கிழவனும் கிழவியும் ஆன பிறகும் வெள்ளிக்கு வெள்ளி ஒருவருக்கொருவர் அந்த ஏக்கத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். எனக்கும் கலியாணம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. செல்லத்தங்கம் என்னிடம் இப்படி ஒன்றும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஒளிக்காமல் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் திரை வட்டச் செயலாளர் கிருசிகா, இத்தாலியில் பழைய படங்களைப் பாதுகாக்கும் ஒரு காப்பகத்தைத் தேடிப் பிடித்தா. இரண்டாம் பாகம் இருக்கிறதாம்! எங்கள் கதையைக் கேட்டுவிட்டு ஒரு பிரதி அனுப்பினார்கள், ஊர்ச் சனத்துக்கு ஒரு தடவை போட்டுக்காட்ட அனுமதியோடு. அது வந்த அன்று பாவாவின் உள்ளங்கையில் வைத்தோம். தீப்பெட்டி அளவில் ஒரு பென்டிரைவ். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அரண்மனை, யானை, ராணி எல்லாம் இதுக்குள்ளயா?" என்றார். பிறகு சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"காக்கா, இப்பவே போட்டுப் பார்ப்போமா?" என்று திரை வட்டத்துப் பவிதரன் கேட்டார். "சனம் இல்லாம நான் எப்ப படம் பாத்த?" என்று மறுத்துவிட்டார். இதே மண்டபத்தில், இதே சுவருக்கு முன்னால், திரைக்குப் பக்கத்தில் நின்று தானே சொல்வதென்று முடிவானது. மைமூனா தங்கச்சிக்கு முன்வரிசையில் கதிரை. ஒரே ஒரு பயம்தான் இருந்தது அவருக்கு. "ரெத்தினம், ரெண்டாம் பாகத்தில அவங்க கலியாணம் முடிச்சா நான் ஹாஜியார் குடும்பத்துக்கு என்னத்தச் சொல்ற?" என்று நாலைந்து தரம் கேட்டுவிட்டார்.

முச்சக்கர வண்டியில் குழாயைக் கட்டி, போன சனிக்கிழமை முழுக்கத் திரிந்தார். குரல் கரகரத்திருந்தது. சொல் மாறவில்லை. "அன்பார்ந்த பொதுமக்களே! ரெண்டாம் பாகம்! அடுத்த வெள்ளிக்கிழமை!" கடைக்காரர் எல்லாம் வெளியே வந்து கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழும்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாரே! இந்தத் தடவை படம் வந்துவிட்டது, பாவா இல்லை! யாரிடம் போய் முறையிடுவது?

நாளை மறுநாள் அந்த வெள்ளிக்கிழமை. படத்தைப் போடுவதா, விடுவதா என்று திரை வட்டம் கூடிக் கதைத்தது. சிலர் விட்டுவிடுவோம் என்றார்கள். தங்கச்சியின் இத்தா முடியும்வரை பொறுப்போம் என்று நான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். காப்பகத்துக்காரரும் பொறுக்கச் சம்மதித்தார்கள். அப்போது றஸ்னா வந்தா, உம்மாவின் சொல்லோடு. அதை அப்படியே சொல்கிறேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"படத்தப் போடச் சொல்லுங்க. அவர் ஊருக்குக் குடுத்த சொல். இந்த வெள்ளி தப்பப்படாது. ஆனா முடிவு என்னண்டு எனக்கு ஒருத்தரும் சொல்ல வேணாம். இத்தா முடிஞ்சாலும் எனக்குப் போட்டுக் காட்டவும் வேணாம். அவர் சொல்றதெண்டு சொன்னவர். அல்லாஹ் நாடினா அங்க வெச்சு அவர்ட்டயே கேட்டுக்கிறன்."

இதற்கு மேல் யார் என்ன கதைப்பது? பவிதரன் எழும்பி வெளியே போய்விட்டார்.

ஆகவே, ஊர்க்குரல் முகைதீன்பாவா அவர்களின் பெயரால், அவர் பாணியில் ஓர் அறிவித்தல். அன்பார்ந்த பொதுமக்களே! ரெண்டாம் பாகம், வருகிற வெள்ளிக்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு. இடம் மட்டும் மாறுகிறது. இந்த மண்டபத்தில் இல்லை, இந்தச் சுவருக்குக் காது இருக்கிறது. பாண்டிருப்புக் கடற்கரை வெளியில் போடுகிறோம். படம் ஓட்டுவது நான். சொல்வது முனாஸ். திரையில் என்ன நடந்தாலும் நிக்காஹ் முதலாம் பாகத்திலேயே முடிந்துவிட்டது, முனாஸ், அதில் கை வைக்கக் கூடாது! குழாய்கள் எல்லாம் கடலைப் பார்த்திருக்கும். மீன் கேட்டால் கேட்கட்டும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் கதைத்த எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நல்லது. நானும் ஓர் உறுதி கேட்கிறேன், இலேசான ஒன்றல்ல. இந்த ஊரில் ஒரு விசயம் சந்தையில் தொடங்கினால் தேத்தண்ணி ஆறுமுன் சாய்ந்தமருது போய்ச் சேரும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரிடம் கேட்கிறேன். படம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், மைமூனா தங்கச்சியைப் பார்க்கப் போகும்போது, மகிழ்ச்சியான முடிவென்றால் முகத்தில் மகிழ்ச்சி காட்டக் கூடாது. துக்கமான முடிவென்றால் துக்கம் காட்டக் கூடாது. அந்த ராணி கரை சேர்ந்தாளா இல்லையா என்பது இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. முடியுமா உங்களால்? கையை உயர்த்துங்கள். தாய்மாரே, நீங்களும். வாசலில் நிற்பவர்களே, நீங்களும்.

தங்கச்சி! உங்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். எல்லாக் கையும் மேலே இருக்கிறது. உங்கள் வெள்ளிக்கிழமையை நாங்கள் ஒருவரும் தொடமாட்டோம். அது பாவா வந்து சொல்ல வேண்டியது.

முனாஸ், இனி அந்தக் குழாயை இந்தப்பக்கம் திருப்பி விடுங்கள்.